ஒரு தடவைதான் இழுக்கலாம்

பந்தை ஐம்பது தடவைக்குள் அடித்து ஒன்பது குழிகளையும் முடித்தால் வேலை. ஐம்பத்தொன்று ஆனால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அந்த கோல்ஃப் கிளப்பில் மைதானம் பார்க்கும் ஆளை எடுப்பதற்கு எழுபது வருஷத்துக்கு மேலாக இதுதான் முறை. சர்டிபிகேட் கேட்பதில்லை. உட்காரவைத்துக் கேள்வி கேட்பதும் இல்லை. கிளப் கேப்டனோடு ஒரு ஆட்டம், அவ்வளவுதான். பந்து எப்படி உருளும் என்று தெரியாதவன் மணலை எப்படிப் பக்குவம் பண்ணுவான் என்பது, எண்ணெய் தோண்ட வந்து இந்த கிளப்பைத் தொடங்கிய வெள்ளைக்காரர்களின் வாதம். அவர்கள் போய் நாளாயிற்று. வாதம் மட்டும் ஆபீஸ் சுவரில் தட்டச்சுத் தாளாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜெப்ரின் அந்தத் தாளை நான்கு தடவை படித்துவிட்டான். மணி ஏழுகூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமை. தகரக் கூரை காற்றில் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

அவனுக்கு முப்பத்தொன்பது வயது. குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரன். ஊரில் கடலுக்குப் போகாமல் டிப்ளமோ படித்து, குவைத்துக்கு வந்து, பதினொரு வருஷம் ஒரு சுத்திகரிப்பு ஆலையின் கண்ட்ரோல் ரூமில் நைட் டூட்டி பார்த்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் டூட்டிக்கு நடுவில் எழுந்து வெளியே வந்துவிட்டான். அதற்குப் பிறகு உள்ளே போகவில்லை. கம்பெனி திட்டித் தீர்த்து ரிலீஸ் தாளைக் கொடுத்துவிட்டது. அதை வாங்கிக்கொள்ள இன்னொரு கம்பெனி அகப்படவில்லை. அவனுக்குத் தெரிந்த வேலையெல்லாம் நைட் டூட்டி வேலை. இங்கே தங்குவதற்கான இகாமா முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

முடிந்தால் அவன் மட்டும் ஊருக்குப் போவதோடு நிற்காது. மனைவி ரினி ஆஸ்பத்திரி நர்ஸ், அவன் டூட்டி இல்லாத ராத்திரிகளாகப் பார்த்து அவளுக்கும் மாதத்தில் பாதி நைட் டூட்டி. அவன் இல்லாவிட்டால் எட்டு வயது ஜோஸ்மியை ராத்திரி அப்பாசியா ஃபிளாட்டில் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. அவளையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும். ரினி தனியாக இங்கே, இவர்கள் இருவரும் அங்கே. இதை அவர்கள் வாய்விட்டுப் பேசவில்லை. நேற்று ரினி பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்தாள், எதற்கு என்று அவன் கேட்கவில்லை.

கிளப்பில் வேலை பகலில். பழைய ஆள் ஃபாரூக் முட்டி தேய்ந்து வங்கதேசம் போய்விட்டான். கிளப்பே விசா மாற்றிக்கொள்ளும். கையெழுத்தாகவேண்டிய தாள் ஆபீஸ் மேஜையில், ஒரு பந்தின் கனத்துக்கு அடியில் படபடத்துக்கொண்டிருந்ததை ஜெப்ரின் பார்த்தான். அவன் பெயர்கூட அடித்திருந்தார்கள். ஜெப்ரினில் ஒரு எழுத்து தப்பு. அவன் சொல்லவில்லை.

கேப்டன் மீராசா ஏழு மணிக்கு வந்தார். காயல்பட்டினத்துக்காரர். கப்பல்களுக்குச் சாமான் ஏற்றிவிடும் வியாபாரம். இந்த கிளப்பின் முதல் தமிழ் கேப்டன் என்பதை இரண்டாவது வாக்கியத்தில் சொல்லிவிட்டார். குள்ளமான மனிதர், தொப்பி பறக்காமல் இருக்கக் கைக்குட்டையால் தாடையோடு சேர்த்துக் கட்டியிருந்தார், பல்வலிக்காரர் மாதிரி. ஜெப்ரின் தூக்கிவந்த ஐந்து கோல்களையும் ஒரு பார்வை பார்த்தார்.

"இதெல்லாம் எந்த மியூசியத்துல எடுத்தீங்க தம்பி?"

ஆலையில் ஷிப்ட் ஆட்களுக்கென்று ஒரு மரப்பெட்டியில் கிடந்தவை என்று ஜெப்ரின் சொன்னான். காலை ஆறு மணிக்கு டூட்டி முடிந்ததும், மெம்பர்கள் வருவதற்குள், கடைசி மூன்று குழிகளில் மட்டும் ஷிப்ட் ஆட்கள் ஆடிக்கொள்ளலாம் என்று பழைய ஏற்பாடு ஒன்று இருந்தது. மற்றவர்கள் தூங்கப் போய்விடுவார்கள். அவனுக்குத் தூக்கம் வராது. நான்கு வருஷம் தினமும் இங்கே வந்து பந்தை அடித்துத் தள்ளியிருக்கிறான். கோல்ஃப் பிடித்துப்போய் அல்ல. கண்ணை மூடினால் விளக்குகள் மினுங்கும், அதனால்தான்.

கடைசி வாக்கியத்தை அவன் மீராசாவிடம் சொல்லவில்லை.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க," என்றார் மீராசா. "ஆட்டத்துக்கு நடுவுல வேலையப் பத்திப் பேசக்கூடாது. அது இங்கத்த வழக்கம். வேற என்ன வேணும்னாலும் பேசலாம்."

வேறு எல்லாவற்றையும் அவர் பேசினார்.

மைதானம் என்றால் புல் என்று நினைத்துவிடக்கூடாது. ஆலை வேலிக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கலாக நீண்டு கிடக்கும் உப்பு மண். அங்கங்கே முள்செடி, மேடு, பள்ளம். பந்து எங்கே விழுந்தாலும் அதைக் கையில் கொண்டுபோகும் சின்னப் பிளாஸ்டிக் புல் விரிப்பின்மேல் எடுத்துவைத்து அடிக்கவேண்டும். குழியைச் சுற்றி மட்டும் வட்டமாக, எண்ணெய் பிசறிய மணலை உருளை போட்டு இறுக்கி வைத்திருப்பார்கள். புல் மைதானங்களில் கிரீன் என்பதை இங்கே பிரவுன் என்பார்கள். வடமேற்கிலிருந்து அடிக்கும் ஷமால் காற்று வேலியைத் தாண்டி வந்து, மைதானத்தை முழு நீளத்துக்கும் வழித்துக்கொண்டு கடலில் போய் விழும். அன்றைக்கு அது விடியுமுன்பே எழுந்துவிட்டது.

முதல் குழி காற்றோடு. ஜெப்ரின் அடித்த பந்து அவன் நினைத்ததைவிட அரைப்பங்கு தூரம் கூடுதலாகப் போய், மேட்டுக்கு அந்தப் பக்கம் மறைந்தது. தேடிப் பிடித்து ஐந்தில் முடித்தான். இரண்டாவதில் ஆறு. மீராசா இரண்டிலும் அவனைவிட மோசம். அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஏலக்காய் விலையைப் பற்றியும், தம்மாமில் இருக்கும் மருமகன் ஒரு வார்த்தை கேட்காமல் கார் மாற்றிவிட்டதைப் பற்றியும் பேசினார். பேசிக்கொண்டே கார்டில் எழுதினார். ஜெப்ரினும் எழுதினான். அவரவர் அடியை அவரவரே எண்ணி, மற்றவருக்குச் சொல்லவேண்டும். சரிபார்க்க வேறு ஆள் கிடையாது.

மூன்றாவது குழிக்குத் தூரம் குறைவு. நான்கு அடியில் முடிந்தது. நான்காவதில்தான் காற்று தன் வேலையைக் காட்டியது.

மீராசாவின் பந்து பிரவுனில் குழிக்கு ஏழெட்டு தப்படி தள்ளிக் கிடந்தது. நடுவில் எல்லாம் மணல் அலை. அவர் பிரவுன் ஓரத்துக் கம்பத்தில் தொங்கிய டிராக்கை எடுத்தார். ஒரு கை நீள இரும்புப் பட்டை, அடியில் பழைய கார்பெட் துண்டு, இழுக்க நீளமான கம்பு. பந்து கிடக்கும் இடத்திலிருந்து குழிவரைக்கும் அதை இழுத்துக்கொண்டே போனால் மணல் வழித்து, பந்து உருள ஒரு பாதை விழும். இழுத்துவிட்டு டிராக்கைக் குழிக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டு, திரும்பி வந்து பந்தை உருட்டவேண்டும். மீராசா அப்படித்தான் செய்தார். திரும்பி வருவதற்குள் ஒரு வீச்சு அடித்துப் பாதி பாதையை மூடிவிட்டது.

அவர் நின்று பார்த்தார். ஏதோ ஓதுகிற மாதிரி உதடு அசைந்தது. ஓதல் இல்லை என்று ஜெப்ரினுக்குத் தெரிந்தது.

"இன்னொரு தடவ இழுத்துக்கிடக் கூடாதா பாய்?"

"ஒரு தடவைதான். ரெண்டாவது இழுத்தா ரெண்டு அடி தண்டம். போர்டுல எழுதிப் போட்டிருக்கு, பாக்கலியா?" குனிந்து உருட்டினார். பந்து மணல் அலையில் ஏறி, யோசித்து, பக்கவாட்டில் இறங்கிப்போனது. "எழுவது வருஷம். ஒரு ஆளும் ரெண்டு தடவ இழுத்தது கிடையாது. பின்னால திரும்பிப் பாத்துட்டு இழுத்தானோ என்னவோ, அது நமக்குத் தெரியாது."

ஜெப்ரினுக்கு அந்தக் குழி ஏழு. மொத்தம் இருபத்திரண்டு. அவன் மனசுக்குள் கூட்டிக்கொண்டே இருந்தான். நடக்கும்போது கூட்டினான், நிற்கும்போது கூட்டினான். கூட்டிய தொகை மாறிவிடப்போகிறது என்ற மாதிரி. மீராசா கேட்டதற்கெல்லாம் ஆமா, இல்லை என்று பதில் சொன்னான். எதற்கு ஆமா சொன்னான் என்று பிறகு யோசித்தால் தெரியவில்லை. ஒருமுறை மீராசா நின்று, நான் என் தங்கச்சி வீட்டுக்காரர் இறந்ததைச் சொல்கிறேன், நீங்கள் நல்லது என்கிறீர்கள் என்றார். ஜெப்ரின் மன்னிப்புக் கேட்டான். பரவாயில்லை, அவர் அப்படியொன்றும் நல்ல மனுஷன் இல்லை என்றார் மீராசா.

ஐந்தாவது, ஆறாவது, இரண்டிலும் ஐந்து. முப்பத்திரண்டு.

ஏழாவது குழி ஆலை வேலியை ஒட்டி. வேலிக்கு அந்தப் பக்கம் கண்ட்ரோல் ரூம் கட்டடம் தெரிந்தது. ஜன்னல் இல்லாத சாம்பல் நிறப் பெட்டி. பதினொரு வருஷம் அதற்குள் உட்கார்ந்திருந்தான். அதை இங்கிருந்து பார்த்தால் உள்ளே ஆள் இருக்கும் என்றே தோன்றாது.

உள்ளே இருக்கும் வேலை எளிது. முன்னால் திரைகள். ஏதாவது ஒரு தொட்டியில் மட்டம் ஏறினாலோ, குழாயில் அழுத்தம் கூடினாலோ அலாரம் கத்தும். விளக்கு மினுங்கும். ஒரு பட்டனை ஒருமுறை அழுத்தினால் சத்தம் நிற்கும். இரண்டாவது முறை அழுத்தினால் மினுங்கல் நிற்கும். நடுவில் என்ன என்று பார்க்கவேண்டும். ராத்திரிக்கு இருநூறு, முந்நூறு தடவை. முக்கால்வாசி வெறும் சத்தம். கை அதற்குப் பழகிவிடும். தட், தட். எல்லாவற்றையும் இரண்டு தடவை. வீட்டுக் கதவைப் பூட்டினாலும் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பான். லிஃப்ட் பட்டனை இரண்டு தடவை அழுத்துவான். ஜோஸ்மி அதை நடித்துக் காட்டிச் சிரிப்பாள்.

அந்த ராத்திரி மூன்று மணி பன்னிரண்டுக்கு ஒரு தொட்டியின் மட்டம் ஏறியதாக அலாரம் வந்தது. அவன் தட், தட் என்று அழுத்தினான். அழுத்தியதாக அலாரம் பிரிண்டரின் தாள் சொன்னது. அவனுக்கு ஞாபகம் இல்லை. தூங்கினானா என்றால் கண் திறந்துதான் இருந்தது. வெளியே சுற்றிவரப் போன வாசு, கூட வேலை பார்ப்பவன், தொட்டியின் வெளி அளவுகோலைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் வால்வைக் கையால் அடைத்தான். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் தொட்டி வழிந்திருக்கும். கீழே மூன்று பேர் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார்கள். வாசு உள்ளே வந்து, தாளைக் கிழித்து மடித்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, வாடே, டீ குடிப்போம் என்றான். டீ குடித்தார்கள். யாரும் எதையும் கேட்கவில்லை. மறுநாள் ராத்திரி ஜெப்ரின் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து வந்துவிட்டான்.

ரினியிடம் தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொன்னான். நானும்தான் முழிச்சிருக்கேன் என்றாள் அவள். 

ஏழாவதில் ஆறு. எட்டாவதில் ஐந்து. மொத்தம் நாற்பத்து மூன்று. கடைசிக் குழியில் ஏழு அடிவரை ஆகலாம்.

ஒன்பதாவது குழி காற்றுக்கு எதிரே. கடலை முதுகில் வைத்துக்கொண்டு கிளப் கட்டடத்தைப் பார்த்து அடிக்கவேண்டும். இது அவனுக்குத் தெரிந்த குழி. நான்கு வருஷம் தினமும் ஆடியது. மேட்டுக்குக் கீழேயே பந்தைத் தாழ்வாக அடித்துத் தள்ளினால் காற்று பிடிக்காது. முதல் அடி சரியாக விழுந்தது. இரண்டாவது ஒரு முள்செடியில் போய் மாட்டியது. மூன்றாவதில் வெளியே எடுத்தான். நான்காவது அடி ஓடிப்போய் பிரவுனில் ஏறி, குழிக்குப் பத்து தப்படி தூரத்தில் நின்றது. மீராசா அவருடைய பந்தை ஏற்கெனவே கைவிட்டிருந்தார். அது ஆலை வேலிக்குள் போய்விட்டது. அவர் அங்கேயே நின்று கம்பெனியைத் திட்டினார்.

ஜெப்ரின் டிராக்கை எடுத்தான். பந்துக்குப் பக்கத்தில் வைத்து இழுக்கத் தொடங்கினான். அப்போதுதான் அந்த வீச்சு வந்தது. அதுவரை அடித்ததெல்லாம் ஒன்றுமில்லை. மணல் கண்ணில், மூக்கில், பல்லில். கிளப் கூரையில் எதுவோ பிய்ந்து பறந்தது. மீராசா துண்டால் தலையை மூடிக்கொண்டு முதுகைக் காட்டிக் குந்திவிட்டார். கொடிக்கம்பம் வளைந்து அடித்துக்கொண்டது. அரை நிமிஷமா, ஒரு நிமிஷமா தெரியவில்லை.

காற்று தணிந்தபோது பாதை போட்டபடி சுத்தமாக இருந்தது. அவன் பந்துக்கு மேல் நின்றுகொண்டிருந்தான். கையில் உருட்டும் கோல். உருட்டினான். பந்து பாதையில் நேராக ஓடி, குழிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. போய்த் தட்டிவிட்டான். உள்ளே விழுந்தது.

ஆறு. நாற்பத்தொன்பது.

மீராசா எழுந்து துண்டை உதறினார். எத்தனை என்று சைகையில் கேட்டார். ஜெப்ரின் ஆறு விரலைக் காட்டினான். அவர் கட்டைவிரலை உயர்த்திவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டே கிளப்பைப் பார்த்து நடந்தார்.

ஆடி முடித்தவர்கள், பின்னால் வருபவர்களுக்காகப் பிரவுனைக் குழியிலிருந்து வட்டமாக வழித்துவிட்டுப் போகவேண்டும். ஜெப்ரின் டிராக்கை எடுக்கக் குழிக்கு அந்தப் பக்கம் பார்த்தான். அங்கே இல்லை. திரும்பினான். அது பத்து தப்படி தள்ளி, அவன் பந்து கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் கிடந்தது.

முதலில் காற்று தள்ளியிருக்கும் என்று நினைத்தான். போய்த் தூக்கிப் பார்த்தான். இரும்பு. காற்றுக்கு அசையாது. அதோடு கார்பெட் துண்டுக்கு அடியில் புது மணல் இல்லை, வழித்த ஈரப் பழுப்பு இருந்தது. ஒரு தடவை இழுத்தால் டிராக் குழிப்பக்கம் கிடக்கவேண்டும். இரண்டு தடவை இழுத்தால்தான் இந்தப் பக்கம் வரும். அந்த வீச்சுக்குப் பிறகும் பாதை அவ்வளவு சுத்தமாக ஏன் இருந்தது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. போனான், மணல் மூடியது, வந்தான். தட், தட். வந்தது ஞாபகமில்லை.

அவன் பிரவுனை வழிக்காமல், டிராக்கைப் போட்டது போட்டபடியே விட்டுவிட்டு நடந்தான்.

ஆபீஸில் மீராசா முகம் கழுவிக்கொண்டிருந்தார். தாள்மேல் இருந்த பந்தை எடுத்துவிட்டார். பேனாவைத் தேடினார். கிடைத்த பேனா எழுதவில்லை. உதறினார். இப்போது வேலையைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லி, அவரே பேசினார். உருளை இயந்திரம் பழசு, எண்ணெய் வாரத்துக்கு ஒரு தடவை பிசறவேண்டும், வியாழக்கிழமை மெம்பர்கள் ஆளாளுக்குக் குறை சொல்வார்கள், காதில் வாங்கக்கூடாது. ஃபாரூக் போய் ஒரு மாதமாக அத்தனை பிரவுனும் நாசமாகிவிட்டது, நாளைக்கே வரமுடியுமா?

ஜெப்ரினின் பல்லில் மணல் இருந்தது. பாத்திரத்தில் இருந்த தண்ணீரைக் குடித்தான். தாளில் தப்பாக அடித்த தன் பெயரைப் பார்த்தான். சொல்லவேண்டியதில்லை. டிராக் எந்தப் பக்கம் கிடந்தது என்று இந்த உலகத்தில் ஒரு ஆளுக்குத்தான் தெரியும். போன தடவை இரண்டு பேருக்குத் தெரியும், அதிலும் ஒன்றும் ஆகவில்லை. டீ குடித்தார்கள்.

"ஐம்பத்தொண்ணு," என்றான்.

"என்னது?"

"கடசிக் குழியில ரெண்டு தடவ இழுத்துட்டேன். தண்டம் ரெண்டு. ஐம்பத்தொண்ணு."

மீராசா பேனாவை உதறுவதை நிறுத்தினார். "நான் பாக்கலியே."

"நானும் பாக்கல்ல."

"பொறவு?"

"டிராக் எனக்க பக்கம் கிடந்துது."

அவர் அதை மனசில் இழுத்துப் பார்த்தார். பந்திலிருந்து குழி, குழியிலிருந்து பந்து. விரல் மேஜைமேல் ஒருமுறை போய் ஒருமுறை வந்தது. பிறகு நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் மெச்சுதல் ஒன்றும் இல்லை. எரிச்சல்தான் இருந்தது.

"ஓய், இத இப்பச் சொல்லணுமா? கையெழுத்துப் போட்ட பொறவு சொல்லியிருந்தா நான் சிரிச்சுட்டுப் போயிருப்பேன். இப்பக் கேட்டுட்டேன். கேப்டனா ஈக்கிறவன் கேட்டத கேக்காத மாதிரி ஆக முடியுமா?"

ஜெப்ரின் தண்ணீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தான்.

"இழுத்தது ஞாபகமே இல்லையா?"

"இல்ல."

"இது மொதல் தடவையா?"

இல்லை என்று ஜெப்ரின் தலையாட்டினான். பிறகு தொட்டியைச் சொன்னான். மூன்று பன்னிரண்டைச் சொன்னான். வாசுவின் பெயரை மட்டும் விட்டுவிட்டான். வெல்டிங் வைத்த மூன்று பேரையும் சொன்னான். அவன் குரல் சரக்கு விவரம் சொல்வதுபோலத்தான் இருந்தது. சொல்லி முடித்ததும் பாரம் இறங்கியதாகவெல்லாம் ஒன்றும் தோன்றவில்லை. தண்ணீர் இன்னும் வேண்டும்போல் இருந்தது.

கூரைத் தகரம் ஒன்று தொங்கி அடித்துக்கொண்டே இருந்தது. மீராசா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். திரும்பி வந்து இரண்டு கார்டுகளையும் எடுத்தார். ஜெப்ரினின் கார்டில் கடைசிக் கட்டத்தில் இருந்த ஆறை அடித்து எட்டு என்று எழுதினார். கீழே ஐம்பத்தொன்று. கையெழுத்துப் போட்டார். தாளைத் திரும்பப் பந்துக்கு அடியில் வைத்தார்.

"சலாலாவுல ஒரு ஆள் ஈக்குறான்," என்றார். "பத்து நாள்ல வந்து ஆடுறேன்னு சொல்லியிருக்கான். வரச்சொல்ல வேண்டியதுதான்."

அவ்வளவுதான். ஜெப்ரின் கோல்களை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனான். அங்கே அந்தத் தட்டச்சுத் தாள் தொங்கியது. நின்று ஐந்தாவது தடவை படித்தான். படிப்பதற்கு ஒன்றும் புதிதாக இல்லை. இல்லாததுதான் கண்ணில் பட்டது.

"பாய், ஒரு ஆளு எத்தன தடவ ஆடலாம்னு இதுல போடல்லியே."

"எழுபது வருஷத்துல ஒருத்தனும் ரெண்டாவது தடவ கேட்டதில்ல. அதனால போடல."

"நான் கேக்கேன்."

மீராசா அவனை முதல்முறையாகச் சரியாகப் பார்த்தார். அலமாரியைத் திறந்து பழைய மினிட்ஸ் புத்தகத்தை எடுத்து, மஞ்சளான பக்கங்களைப் புரட்டினார். தும்மினார். இன்னொன்றை எடுத்தார். அதிலும் இல்லை. சலாலாக்காரன் வருவதற்கு முன்னால் ஒரே ஒரு வெள்ளிக்கிழமைதான் இருக்கிறது என்றார். அன்றைக்குக் காற்று இதைவிடக் கூடுதல் என்று வானிலையில் சொல்கிறார்களாம்.

"அதுவரைக்கும் தூங்கிட்டு வாங்க," என்றார். "தூங்காம வந்தா நான் ஆட மாட்டேன். என் பந்து அந்த வேலிக்குள்ள போனது போதும்."

தூக்கம் அவர் சொன்னதும் வந்துவிடுகிற பொருளா என்று ஜெப்ரின் கேட்க நினைத்தான். கேட்கவில்லை. ஏழு மணிக்கு வருகிறேன் என்றான்.

காரை எடுப்பதற்குள் ரினியின் போன் வந்தது. அவள் டூட்டி முடிந்து பஸ்ஸில் இருந்தாள். பின்னால் யாரோ மலையாளத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் நலம் விசாரிக்கவில்லை.

"எத்தன?"

"ஐம்பத்தொண்ணு."

அந்தப் பக்கம் சிரிப்பு மட்டும் கேட்டது. பஸ் எங்கோ நின்று கிளம்பியது.

"ஒண்ணுல போச்சா," என்றாள். பிறகு, "ஆரு எண்ணினது?"

"நாந்தான்."

அவள் மூச்சை இழுத்து விட்டது கேட்டது. திட்டப்போகிறாள் என்று காத்திருந்தான். அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை உண்டு என்று சொன்னான். காற்றைப் பற்றிச் சொல்லவில்லை. தொட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும், போனில் அல்ல. பெட்டியை மேலே ஏத்தவா, கீழேயே கிடக்கட்டா என்று கேட்டாள் ரினி. கீழேயே கிடக்கட்டும் என்றான். வரும்போது பால் வாங்கிக்கொண்டு வா, பக்கத்து ஃபிளாட்டில் விட்ட ஜோஸ்மிக்குக் காலையில் வெறும் பிஸ்கட்தான் கொடுத்தார்களாம் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கார் கதவைத் திறந்தவன் நின்றான். கடல் பக்கமிருந்து அடுத்த கோஷ்டி வந்துகொண்டிருந்தது. நான்கு பேர், தலையைக் குனிந்துகொண்டு காற்றுக்குள் நடந்தார்கள். ஒன்பதாவது பிரவுனில் அவன் ஷூ தடம் கிடக்கும். டிராக்கும் கிடக்கும், போட்ட இடத்தில்.

கோல்களைக் காரில் எறிந்துவிட்டுத் திரும்பிப் போனான். டிராக்கை எடுத்துக் குழியருகே வைத்து, வட்டம் வட்டமாக வெளியே இழுத்துக்கொண்டு வந்தான். காற்று பின்னாலேயே வந்து மூடியது. ஒவ்வொரு வட்டத்துக்கும் வாய்விட்டு எண்ணினான். ஓரத்துக்கு வந்ததும் டிராக்கைக் கம்பத்தில், கொக்கியில் மாட்டினான். மாட்டிவிட்டேன் என்றும் வாய்விட்டுச் சொன்னான். கேட்க ஆள் இல்லை.

பாதி வழியில் திரும்பிப் பார்த்தான். தொங்கிக்கொண்டிருந்தது.

காருக்குள் உட்கார்ந்து, சாவியைத் திருப்புவதற்கு முன்னால், இன்னொரு தடவை பார்த்தான்.